மதில் தாண்டிய தோணி

செவ்வாய்க் குடியிருப்பில் காலையில் பல் துலக்கியதும் எல்லோரும் மணிக்கட்டில் ஏக்கப்பட்டை ஒட்டிக்கொள்வார்கள். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்தோணிகள் ரத்தத்தில் இறங்கும். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இயற்கை ஒரு மதில் கட்டி வைத்திருக்கிறது. பெரும்பாலான மருந்துகளை அது உள்ளே விடாது. இரும்புச்சத்தைச் சுமக்கும் புரதத்தின் வேடத்தில் வருவதால் தோணிகளுக்குக் கதவு திறந்துவிடும். காப்பி ஆறுவதற்குள் பூமியின் நினைப்பு அடங்கும். வேலைக்குக் கிளம்பலாம்.

லில்லிபுஷ்பம் மட்டும் பட்டை ஒட்டுவதை நிறுத்திவிட்டாள். பூமி ஞாபகம் அவளுக்குத் தேவைப்பட்டது. நீர் நிலையத்தில் தலைமைப் பொறியாளராக இருந்த அவள் கணவர் தங்கநேசனை மறதிநோய் தின்றுகொண்டிருந்தது. சாயங்காலமானால் அவளை உற்றுப் பார்ப்பார்.

"நீங்க ஆரு?"

"ஒங்களுக்க பொண்டாட்டி."

"நெசமாவா? நாம எங்க பாத்தோம்?"

வடசேரி பஸ் ஸ்டாண்டில், ஆடிச் சாரலில். இரண்டு பேருக்கும் திருவனந்தபுரம் பஸ் தவறிவிட்டது. ஒரே குடைக்குள் நின்று ஏத்தங்காய் அப்பம் தின்றார்கள். அவள் சொல்லச் சொல்ல அவர் மோவாயில் கை வைத்துக் கேட்பார்.

"மழை எப்பிடி மணக்கும்?"

"புழுதி நனைஞ்ச மணம். கூட உங்க சட்டையில டீசல் மணம்."

"நீ என்ன சேலை உடுத்தியிருந்த?"

"வாடாமல்லிக் கலர்."

அவர் சிரிப்பார். மறுநாள் மறுபடியும் முதலிலிருந்து கேட்பார். மழையே பெய்யாத அந்த ஊரில் அவர்கள் தினமும் நனைந்தார்கள்.

மறதிக்கும் ஒரு நுண்தோணி வந்திருப்பதாக டாக்டர் முபாரக்கா சொன்னார். "மூளையில படிஞ்ச கசடைக் கரைக்கும். ஆனா வீக்கம் வந்தா இப்ப இருக்கிறதும் போயிடலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

லில்லிபுஷ்பம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு மத்தியானம் அவர் கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைக் கண்டு பயந்து அழுதார். அன்றே சம்மதம் சொன்னாள்.

ஊசி போட்ட மூன்றாம் வாரம் சமையலறையில் நின்றவளைப் பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"லில்லி."

கரண்டி கைநழுவி விழுந்தது. அவர் தோளில் சாய்ந்து அவள் தேம்பித் தேம்பி அழுதாள். முதுகைத் தட்டிக்கொடுத்தவர் சுற்றுமுற்றும் தேடினார்.

"எனக்க கண்திரைய எங்க வச்ச? எத்தனை சேதி வந்து கெடக்கோ!"

நோய் வரும்வரை அவர் கண்ணைவிட்டு இறங்காத அந்தக் கண்ணாடித் திரையை எடுத்துக் கொடுத்தாள். அன்று சாயங்காலம் வழக்கம்போல நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு வடசேரியில சாரல் அடிச்சுது..."

"அதான் தெரியுமே," என்றார் அவர். கண்திரைக்குள் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். விரலால் காற்றைத் தள்ளி அடுத்ததற்குப் போனார். சாப்பாடு ஆறியது. அடுத்த நாளும் ஆறியது.

மாதம் முடிந்து பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் எல்லாக் கேள்விகளையும் கேட்டார். பிறந்த ஊர், கல்யாணத் தேதி, நீர் நிலையத்துக் குழாய்களின் அளவு என்று ஒன்றுகூடத் தப்பாமல் தங்கநேசன் சொன்னார், நிமிராமலே.

டாக்டர் லில்லிபுஷ்பத்தின் பக்கம் திரும்பினார். "குணத்துல ஏதும் மாற்றம் தெரியுதாம்மா?"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் விரல் காற்றில் தள்ளிக்கொண்டே இருந்தது.

"ஒண்ணுமில்ல டாக்டர். பழையபடியே ஆயிட்டாரு."

டாக்டரின் முகம் மலர்ந்தது. "இதைவிட நல்ல சேதி வேற என்னம்மா வேணும்!"