நேதோவின் நகங்கள்

நேதோவின் நகங்கள் சுத்தமாக இருந்தன.

ஓர்னெல்லா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த குறுகலான நடையில், நீலப் பிளாஸ்டிக் தொட்டியில் அவள் கணவன் கை கழுவிக்கொண்டிருந்தான். அவள் துண்டோடு பக்கத்தில் நின்றாள். அவர்கள் ஊரான அரெட்ஸோவில் தங்கத்தைக் கரைத்துச் சுத்தம் பண்ணுகிற எந்த வீட்டிலும் கை கழுவிய தண்ணீரைச் சாக்கடைக்கு விடமாட்டார்கள். அது பீப்பாயில் சேரும்; அதிலிருந்தும் பொன் எடுப்பார்கள். துடைத்த துணி, பெருக்கிய குப்பை, நைந்துபோன ஏப்ரன், முடி வெட்டினால் அந்த முடி, எல்லாவற்றையும் எரித்துச் சலித்துவிட்டுத்தான் மறுவேலை. தொட்டியில் சோப்பு நுரை மெல்ல அடங்கிக்கொண்டிருந்தது. வெளியே பிப்ரவரிப் பனிமூட்டம் இறங்கி, தெருவிளக்குகளை நேரத்தோடேயே எரிய வைத்திருந்தது.

கரைந்த தங்கம் தோலில் பட்டால் கத்திரிப்பூ நிறத்தில் கறை பிடிக்கும். சோப்புக்கும் அசையாது, எலுமிச்சைக்கும் அசையாது. தோல் உரிந்து, நகம் வளர்ந்து, தானாகப் போனால்தான் உண்டு. நேதோவின் விரல்களை அந்தக் கறை இல்லாமல் அவள் பார்த்ததே கிடையாது. கல்யாண போட்டோவில்கூட மனுஷன் கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டுதான் நிற்பான்.

"என்னய்யா இது, நகமெல்லாம் பளிச்சுனு இருக்கு?"

"கழுவினேன்ல."

"இத்தனை வருஷமா கழுவாமலா இருந்த?"

அவன் சிரித்தான், அவ்வளவுதான். மற்ற நாளாக இருந்தால் இந்த ஒரு கேள்விக்கு அவள் அம்மா வீட்டு ஆட்கள் மொத்தப் பேரையும் இழுத்து வைத்து ஒரு பாட்டம் பாடியிருப்பான்.

மத்தியானம் நடந்ததற்கு அவன் இப்படி நிற்பதே பெரிய காரியம் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். பழைய சங்கிலி, ஒற்றைத் தோடு, யார் யாரோ விற்ற கல்யாண மோதிரம் எல்லாவற்றையும் குடுவையில் போட்டுத் திராவகம் ஊற்றிய நேரத்தில் புகை உறிஞ்சும் விசிறி நின்றுவிட்டது. செம்பழுப்புப் புகை கண்ணாடிக் கூண்டை விட்டு வழிந்து அறையை நிறைத்தது. இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தவன், குடுவை பொங்குவதைக் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்ததும் திரும்ப உள்ளே போய்விட்டான். அவள் பக்கம் புகை வரக்கூடாதென்று கதவையும் சாத்திக்கொண்டான். பொங்குகிற தங்கத்தை விட்டுவிட்டு ஓட இந்தத் தொழிலில் யாருக்கும் கால் வராது. குடுவைமேல் குனிந்து, அதன் வாய்க்குள்ளேயே இருமி இருமி, தண்ணீர் விட்டு அடக்கினான். அவள் கதவை இடித்துக்கொண்டு நின்றாள்.

வெளியே வந்தபோது அவன் அவனாகத்தான் இருந்தான். கண் சிவந்து, விரலெல்லாம் ஊதாவாக, விசிறி விற்றவனின் பரம்பரையையே திட்டிக்கொண்டு. இரண்டு குட்டை இருமல், ஒரு நீள இருமல், அப்புறம் ஒரு கனைப்பு. அவள் உடனே ஸியனாவில் நர்ஸாக இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போடி. இப்போ நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவான். நாலு மணி நேரம் கழிச்சு நெஞ்சுல தண்ணி கோத்துக்கும்," என்றாள் மார்சியா. "அவன் இருமலை மட்டும் காதுல வாங்கிட்டே இரு."

நேதோ ஒரே பிடியாக நின்றான். "அதை அப்படியே கரைசலா விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன். நீ தங்கத்தை அடியில இறக்கு, ஓர்னி. இறங்கினதும் போலாம்."

போய்த் தொலையட்டும் என்று அவளே இறக்கினாள். அவனைச் சமையலறையில் உட்காரவைத்துவிட்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு, வடிகட்டிய மஞ்சள் கரைசலில் வெள்ளைப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினாள். திராட்சை ரசப் பீப்பாய்க்குப் போடுகிற அதே பொடிதான். பற்றவைத்த தீக்குச்சி நெடி கிளம்பியது. மஞ்சள் கலங்கியது, பழுப்புச் சேறு பிரிந்து கீழே இறங்கத் தொடங்கியது. மேலே தெளிந்த நீரில் ஒரு சொட்டு எடுத்து, பீங்கான் தட்டில் விட்டு, சோதனை மருந்து ஒரு துளி சேர்த்தாள். தங்கம் மிச்சமிருந்தால் ஊதாவாகும். ஆகவில்லை. வெத்துத் தண்ணி. இனி அது எதற்கும் ஆகாது, கீழே கொட்டவேண்டியதுதான்.

சேறு முழுவதும் அடியில் படிந்த அதே நிமிஷத்தில் சமையலறையில் இருமல் நின்றது. அவள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

அதற்கப்புறம்தான் அவன் எழுந்து வந்து கை கழுவியது.

"கோட்டை மாட்டு, கிளம்பு," என்றாள்.

"எதுக்கு? நல்லாத்தான் இருக்கேன்."

மார்சியாவுக்கு மறுபடி போன். அவள் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. தானே காரை எடுத்துக்கொண்டு வருவதாகவும், பனிமூட்டத்தில் நேரமாகும் என்றும், அதுவரை காதைத் தீட்டிக்கொண்டிரு என்றும் சொன்னாள்.

ஓர்னெல்லா காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ரொட்டி சூப்பைச் சூடாக்கி அவன் முன் வைத்தாள். முட்டைக்கோசு மணம், பாத்திர மூடியின் கடகடப்பு, ஜன்னலில் வழியும் ஈரம், எல்லாம் எப்போதும் போலத்தான். அவனும் எப்போதும் போல ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிட்டான். ஆனால் பிய்த்த துகள்கள் மேஜையில் அப்படியே கிடந்தன. உள்ளங்கை ஓரத்தால் மேஜையைக் கூட்டி அள்ளாமல் நேதோவால் எந்தச் சாப்பாட்டையும் முடிக்க முடியாது. அடுத்தவர் வீட்டு விருந்திலும் அதைச் செய்து அவள் மானத்தை வாங்குவான். பட்டறைக் கை அது, எங்கே போனாலும் தூளைத்தான் தேடும். இப்போது அந்தக் கை மடியில் சும்மா கிடந்தது.

"நாளைக்குக் காலையில தங்கப் பாளத்தை எடுத்துட்டுப் போக ஆள் வர்றான்," என்றான். "நீ போய் வேலையை முடி."

அக்கா வரும்வரை கைக்கு ஏதாவது வேலை இருந்தால் நல்லது என்று அவளுக்கும் தோன்றியது. பட்டறைக்குப் போனாள். வெத்துத் தண்ணீரை இறுத்து ஊற்றினாள். சேற்றில் நல்ல தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றினாள். விசிறி, மத்தியானம் ஏமாற்றிய அந்த விசிறி, இப்போது சாதுவாக உறுமிக்கொண்டிருந்தது. அறையில் இன்னும் அந்தப் புகையின் நெடி, நாக்கில் இரும்பு வைத்ததுபோல. தண்ணீர் சூடேறி, பழுப்புச் சேற்றின் விளிம்பில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின.

யாரோ இருமினார்கள்.

இரண்டு குட்டை. ஒரு நீளம். ஒரு கனைப்பு.

அவள் ஓடினாள். நடையில் தோள் இடித்தது. சமையலறையில் நேதோ அதே நாற்காலியில், அதே கை மடியில், வாயை மூடி உட்கார்ந்திருந்தான்.

"இருமினியா?"

"இல்லையே."

"பொய் சொல்லாத. மார்சியா வந்துட்டு இருக்கா."

"நான் எதுக்கு இருமணும், ஓர்னெல்லா?"

ஓர்னி இல்லை. ஓர்னெல்லா. சண்டையில்கூட அவன் அவளை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் திரும்பி நடந்தாள். அடுப்பில் இருப்பது அடுத்தவன் தங்கம்.

குடுவைக்குள் சேறு துள்ளிக்கொண்டிருந்தது. ஈரத் தங்கத்தூள் கொதிக்கும்போது அப்படித்தான் செய்யும். அடியில் நீராவி சிக்கி டொக் டொக்கென்று குடுவையை உதைக்கும். இதைத்தான் இருமல் என்று நினைத்துவிட்டேன், நான் ஒரு பைத்தியக்காரி, என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள். கொதி அடங்கியது. கடைசிக் குமிழியும் உடைந்தது. தண்ணீர் அசையாமல் நின்றது.

அசையாத தண்ணீருக்கு அடியிலிருந்து, இரண்டு குட்டை, ஒரு நீளம்.

கனைப்பு வரும்வரை அவள் நிற்கவில்லை. கேட்கக்கூடாது, அவ்வளவுதான். தண்ணீரை இறுத்துச் சேற்றை உருக்கும் மூசையில் வழித்துப் போட்டு, உலர்த்தி, மேலே வெண்காரம் தூவி, கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தாள். டார்ச் இரைகிற இரைச்சலில் வேறு எந்தச் சத்தமும் காதில் விழாது, அதற்காகவேதான் முழு வேகத்தில் திருகினாள். பழுப்பு கறுத்தது, சிவந்தது, ஓரங்கள் சுருங்கி உள்ளே உருண்டன. இரைச்சலுக்கு நடுவே ஒரே ஒரு தடவை, மிகப் பக்கத்தில், "ஓர்னி" என்று கேட்டமாதிரி இருந்தது. அவள் தீயைக் குறைக்கவில்லை. மஞ்சள் குழம்பு மினுமினுவென்று திரண்டதும் இடுக்கியால் பிடித்து அச்சில் சாய்த்தாள்.

டார்ச்சை அணைத்தாள்.

ஒரு சத்தமும் இல்லை. விசிறி மட்டும். ஓர்னெல்லா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பாளத்தை வாளித் தண்ணீரில் போட்டாள். அது சீறி அடங்கியது. எடுத்தாள். இன்னும் கொஞ்சம் சூடு. மறுபடி முக்கி, குழாயைத் திறந்து பிப்ரவரித் தண்ணீரை அதன்மேல் ஓடவிட்டாள். அவள் விரல்கள்தான் விறைத்தன. ஜன்னலைத் திறந்து பனியில் வைத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு, திரும்பத் தொட்டாள்.

சூடு ஆறவில்லை. சுடவும் இல்லை. காய்ச்சல் இல்லாத உடம்பைத் தொட்டால் எப்படி இருக்கும், அப்படி. குளிர்கால இரவுகளில் போர்வைக்குள் அவள் கால் வைத்துக்கொள்கிற அந்தச் சூடு.

அவள் நடைக்குப் போனாள். நீலத் தொட்டியில் அவன் கை கழுவிய தண்ணீர் அப்படியே இருந்தது. ஒரு சொட்டு எடுத்துப் பீங்கான் தட்டில் விட்டாள். நேதோ கை கழுவிய தண்ணீர் ஊதாவாகாமல் இருந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தண்ணீர்கூட ஆகும். சோதனை மருந்து ஒரு துளி. குனிந்து பார்த்தாள். விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

வெத்து.

குடுவையின் வாய்க்குள் குனிந்து அவன் இருமியதும், அந்த மூச்சு மொத்தமும் உள்ளே போனதும், தான் பொடி தூவியதும், சேறு படிந்த நிமிஷத்தில் சமையலறை அமைதியானதும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன. எது கீழே இறங்கியது. எது மேலே தெளிந்து நின்றது. எதன் முன்னால் அவள் சூப்பைக் கொண்டுபோய் வைத்தாள்.

அவளேதான் இறக்கினாள். அவளேதான் தீ வைத்தாள்.

ஆனால் அவள் தங்கம் சுத்தம் பண்ணுகிறவள். உருக்கின தங்கத்தை மறுபடி கரைக்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் கரைக்கலாம், ஒன்றும் குறையாது. கரைத்தால் புகை வரும். வரட்டும். கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் புகையோடு நின்றால் அவன் வெளியே வருவான், வந்துதான் ஆகவேண்டும். பாளத்தை எடுத்து ஏப்ரனுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பட்டறை அலமாரியைத் திறந்தாள். திராவக ஜாடிகளின் மூடிகள் ஒரு பக்கம் கிடந்தன. ஜாடிகள் காலி.

"கவுத்துட்டேன்."

அவன் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான், எந்த வழியாக வந்தான், காலடிச் சத்தமே கேட்கவில்லை.

"சுண்ணாம்புப் பீப்பாயில ஊத்திட்டேன். அந்தப் புகை உனக்கு ஆகாது. உங்க அக்கா சொன்னா இல்ல?"

"நேதோ எங்க?" என்றாள்.

அது சிரித்தது. நடையில் சிரித்த அதே அளவுக்கு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. "கொடு. மூலையை வெட்டணும். மாத்து பார்க்காம காலையில வர்றவன் எப்படி எடுத்துட்டுப் போவான்?"

கை நீண்டது. சுத்தமான கை. நகங்கள் பளிச்சென்று. ஓர்னெல்லா இரண்டு கைகளாலும் வயிற்றை இறுக்கிக்கொண்டு பின்னால் போனாள், சுவர் வந்துவிட்டது. அது அவசரப்படவில்லை. ஏப்ரனுக்குள் கைவிட்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பாளத்தை எடுத்துக்கொண்டது. தொட்ட இடமெல்லாம் தண்ணீர் பட்டதுபோல ஜில்லிட்டது. தெருவில் ஒரு கார் வந்து நிற்கிற சத்தம். மார்சியா. கத்தவேண்டும் என்று நினைத்தாள்.

அது பாளத்தை இரும்புப் பட்டடைமேல் வைத்தது. குளிர்ந்து கிடந்த கறுப்பு இரும்பு. உளியைத் தேடி எடுத்தது. சுத்தியலை எடுத்தது.

தங்கத்தின் ஓரத்தையொட்டி, பட்டடை இரும்பில், ஒரு விரல்கடை அகலத்துக்கு, மூச்சு விட்டதுபோல ஆவி படர்ந்தது.

மறைந்தது.

படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது, முன்னைவிட வேகமாக.

அது குனிந்து, சுத்தமான கட்டைவிரலால் அந்த ஈரத்தைத் துடைத்துவிட்டு, உளியைப் பாளத்தின் மூலையில் பொருத்தி, சுத்தியலை ஓங்கியது.