தனித்தொட்டிக் கீரை

வியாழனின் பனிநிலவில் மனிதர்கள் குடியேறிய அந்த நகரில், எழுந்ததும் முதல் வேலை, வீட்டுச் சிறுநீர்க் குடத்தைச் சிந்தாமல் கொண்டுபோய்த் தெருக்கோடிப் பொதுத்தொட்டியில் ஊற்றிவிட்டு வருவது. பாஸ்பரஸுக்கு அங்கே வேறு வழி கிடையாது. கழிவிலிருந்தும் செத்தவர் எலும்பிலிருந்தும் அதைப் பிரித்தெடுத்து, ‘உயிருப்பு’ என்று வீட்டுக்கு வீடு பங்கு கொடுப்பார்கள். கீரை முளைப்பதும் பிள்ளைகளின் எலும்பு முற்றுவதும் அந்த உப்பில்தான்.

பரஞ்சோதி வீட்டுக் குடம் மட்டும் தெருவுக்கு வராது. வறட்டுக் கௌரவம் பிடித்த மனுஷன். வீட்டுக்குள்ளேயே தனித்தொட்டி கட்டி, பொதுத்தொட்டிப் பங்கையும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்திருந்தார். சின்னத் தொட்டியில் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உப்பு சுவரில் படிந்து வீணாகும். கீரை ஊதாநிறமாகிச் சூம்பியது. ஆறு வயது மகள் அல்லிக்குக் கால் வளைந்தது.

மருத்துவப்பொறி வந்து பார்த்தது. பொது உப்பில் விளைந்ததைக் கொடுத்தால் பிள்ளை தேறிவிடும், இல்லாவிட்டால் விலா எலும்பு மூச்சையே தாங்காது, மாத்திரையும் அதே உப்பில் செய்வதுதான் என்றது.

“கண்டவன் மூத்திரத்துல வெளைஞ்சத எம்பொண்ணு திங்கணுமா?” என்றார் பரஞ்சோதி.

மனைவி மரகதம் அவருக்குத் தெரியாமல், பொதுத்தொட்டிக்காரர்களிடம் கெஞ்சிப் பொது உப்பை வாங்கிவந்து பாத்தியில் கலந்தாள். கீரை பச்சை பிடித்தது. அல்லி சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். மரகதத்தைப் பொதுத்தொட்டியில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் போட்டுக்கொடுத்துவிட்டார். பரஞ்சோதி பாத்தியை வேரோடு பிடுங்கி, தொட்டியைத் தேய்த்துக் கழுவித் தீட்டுக் கழித்தார்.

“கொழந்தைக்கு மட்டும் குடுத்துடுங்க. நீங்க தொட வேணாம், நானும் தொடல” என்று மரகதம் காலில் விழுந்தாள். அவர் காலை உதறிக்கொண்டு போனார். இப்படிப்பட்ட அப்பனை என்ன சொல்லித் திட்டுவது, எனக்குத் தெரியவில்லை. அடுத்த அறுவடைக்கு அல்லி இல்லை.

நகர வழக்கப்படி எலும்பு பொதுத்தொட்டிக்குப் போக வேண்டும். பரஞ்சோதி சபையில் மல்லுக்கட்டி, மகளைத் தனித்தொட்டிக்கே கொண்டுவந்தார். பாத்தி தளதளவென்று தழைத்தது.

காரியத்துக்கு வந்த உறவுக்கெல்லாம் அந்தக் கீரைதான் பரிமாறப்பட்டது. மரகதம் பந்தியிலிருந்து எழுந்து போய்விட்டாள். பரஞ்சோதி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாருங்க, செத்தும் எங்கள கண்டவன்கிட்ட கையேந்த விடல எம்பொண்ணு.”

எல்லோரும் தலையாட்டினார்கள். கை கழுவும்போது ஒருவர் அவரை ஓரமாக அழைத்து, தனித்தொட்டி கட்ட நல்ல ஆள் யார் என்று விசாரித்தார். விசாரித்தவருக்கு வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள்.