கையுறைக்குள் ஒரு முள்

"ஆ...ஆ...ஆ!"

கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்தை உலுக்கியது அந்த அலறல்.

மீன் தொட்டிகளுக்கு நடுவே, ஈரத் தரையில் விழுந்து துடித்துக்கொண்டிருந்தாள் விஞ்ஞானி.

முதலில் ஓடி வந்தவள் கொசு.

கல்லூரி மாணவி. கோடை விடுமுறையில் விஞ்ஞானியின் வழிகாட்டலில் ஆராய்ச்சி பழக வந்தவள்; தங்க இடம், சாப்பாடு இலவசம். காதருகே ஓயாமல் கேள்வி கேட்டதால், விஞ்ஞானி செல்லமாக வைத்த பெயர் அது.

"அக்கா! என்னாச்சுக்கா?"

"கிளவுஸ்... உள்ள ஏதோ..."

கொசு கையுறையை உருவி உதறினாள்.

விழுந்தது... முள்!

கல்மீனின் முதுகு முள். ஊசிக் கூர்மை. அத்தனையும் விஷம்!

கொசு தாமதிக்கவில்லை. பிளாஸ்க் வெந்நீரை வாளியில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு விளாவி, அக்காவின் கையை அதில் அமுக்கினாள். சூடு பட்டால் அந்த விஷம் வீரியம் இழக்கும்.

"பயப்படாதீங்கக்கா... நான் இருக்கேன்ல!"

ஆம்புலன்ஸ் வரும்வரை பிடியை விடவில்லை.

மறுநாள். ஆஸ்பத்திரி.

"இந்தப் பொண்ணு மட்டும் இல்லேன்னா உங்க கதை முடிஞ்சிருக்கும்," என்று சொல்லிவிட்டு டாக்டர் வெளியேறினார்.

விசாரிக்க வந்திருந்த இன்ஸ்பெக்டரை விஞ்ஞானி பார்த்தாள். கட்டுப் போட்ட கையைக் கொசுவை நோக்கி நீட்டினாள்.

"என்னைக் கொல்லப் பாத்தது இவதான் சார்!"



"அக்கா...! நானா?"

"யாருடி உனக்கு அக்கா? சார், தொட்டி ரூம் சாவி எங்க ரெண்டு பேர்கிட்டதான் இருக்கு. என் கிளவுஸ்ல முள்ளை வெச்சதும் இவதான்... வெந்நீரைத் தயாரா வெச்சுக்கிட்டு, காப்பாத்துற மாதிரி நடிச்சதும் இவதான்!"



அத்தனை விண்ணப்பங்களில் கொசுவைத் தேர்ந்தெடுத்தவள் அக்கா. ஹாஸ்டல் சாப்பாடு இறங்காமல் கிடந்தவளை வீட்டுக்கு இழுத்துப் போய்ச் சோறு போட்டவள் அக்கா. காய்ச்சலில் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள் அக்கா.

அந்த வாயா இப்படிப் பேசுகிறது!

"உங்களுக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா?" இன்ஸ்பெக்டர் கொசுவிடம் திரும்பினார்.

"இல்ல சார்... அக்கா ஒரு விஷமுறிவு மருந்து கண்டுபிடிச்சுப் பெரிய விருதெல்லாம் வாங்கினாங்க. அதை நான் திரும்பத் திரும்பச் செஞ்சு பாத்தேன். ஒரு தடவைகூட வேலை செய்யல. 'எங்கயோ தப்பு நடந்திருக்கு போலக்கா... என் பயிற்சியோட கடைசி நாள் கூட்டத்துல எல்லார்கிட்டயும் கேக்கட்டுமா'ன்னு கேட்டேன். அவ்வளவுதான்!"

"அவ்வளவுதானா?" இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

பையிலிருந்து அந்தக் கையுறையை எடுத்தார்.

"இது உங்களோடதா மேடம்?"

"ஆமா. கிளவுஸ் மாட்டுற என் கொக்கியிலேர்ந்துதான் எடுத்தேன்."

"கொக்கி உங்களோடதுதான். கிளவுஸ் உங்களோடது இல்லையே!"

மணிக்கட்டுப் பக்கம் புரட்டிக் காட்டினார். உள்ளே, மையில் வரைந்த குட்டிக் கொசு!

"முள்ளு இருந்தது இந்தப் பொண்ணு கிளவுஸ்ல. தன் கிளவுஸ்லயே யாராவது..."

"இருக்கவே முடியாது!" விஞ்ஞானி எகிறி உட்கார்ந்தாள். "அதை நான் அவ கொக்கியிலதானே மாட்..."

நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"முழுசாச் சொல்லிடுங்க மேடம்... 'மாட்டினேன்'!"

கொசு கட்டிலருகே வந்தாள்.

"அப்ப நிஜமாவே எனக்குத்தானா வெச்சீங்க...? 'சொல்லாத'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேனேக்கா!"

விஞ்ஞானி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் போலீஸ் காவல் போட்டுவிட்டு, இன்ஸ்பெக்டர் கொசுவை வராந்தாவுக்குக் கூட்டி வந்தார்.

"ஒண்ணு மட்டும் இடிக்குது. உன் கிளவுஸ் அவங்க கொக்கிக்கு எப்படிப் போச்சு?"

கொசு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தான் சார் மாத்தினேன்."

"என்னது!"

"அக்கா இடுக்கியால என் கிளவுஸுக்குள்ள எதையோ விடறதை ஜன்னல் வழியாப் பாத்தேன். நம்பவே முடியல. என் அக்கா அப்படிச் செய்வாங்களா? உதறிப் பாக்கவும் பயம்... உள்ள முள்ளு இருந்துட்டா? அதான், ஒண்ணும் இருக்காதுங்கிற நம்பிக்கையில அவங்க கொக்கியில மாட்டினேன். வெந்நீரும் வெச்சுக்கிட்டேன். ஒண்ணும் ஆகக் கூடாது, நான் பாத்தது பொய்யா இருக்கணும்னு வேண்டிக்கிட்டே நின்னேன் சார்!"

தேம்பித் தேம்பி அழுதாள்.

இன்ஸ்பெக்டர் பெருமூச்சோடு தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"ஜீப்ல ஏறும்மா. கவலைப்படாத... எங்க ஜெயில்லயும் தங்க இடம், சாப்பாடு எல்லாம் ஃப்ரீ. வழிகாட்ட உங்க அக்காவும் பின்னாலயே வந்துடுவாங்க!"