வெர்னா பின்னிய பச்சை

ஒரு சாண் தண்ணீரில் ஜெட் படகின் வேகத்தைக் குறைத்தால் அது ஆற்றின் மடியில் உட்கார்ந்துகொள்ளும் என்று கேண்டர்பரி வட்டாரத்தில் இருபது பேருக்காவது பாடம் நடத்தியவன் லாக்கி. அன்று சாயங்காலம் அவனே குறைத்தான். கூழாங்கல் திட்டில் மஞ்சள் மிதவைச் சட்டை போட்ட ஒருவன் நிற்பதாகத் தெரிந்தது. கால் தானாகப் பெடலை விட்டது. படகு கற்களைக் கரகரவென்று அரைத்துக்கொண்டு நின்றது. நிமிர்ந்து பார்த்தால் திட்டில் யாருமில்லை.

"பிரமாதம்," என்றான் பக்கத்துப் பண்ணைக்காரன் ஹோனே. "அம்பத்திமூணு வயசுல ஓட்டக் கத்துக்கிட்ட."

"அங்க ஒருத்தன் நின்னானே, பாத்தியா?"

"டீ குடிக்கிறியா?" ஹோனே பிளாஸ்க்கை எடுத்தான்.

மூன்று வாரமாக இப்படித்தான். வசந்த வெள்ளத்தில் தம்பி முர்டோ போனதிலிருந்து யாரிடம் எதைக் கேட்டாலும் டீ. நேற்றோடு போலீஸ் படகுகளும் தேடலை நிறுத்திவிட்டன. லாக்கி நிறுத்தவில்லை. ஆற்றோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாருமில்லை என்றார்கள். முப்பது வருஷமாக மனைவியிடம் தோற்றுக்கொண்டிருப்பவனுக்கு இதெல்லாம் ஒரு மிரட்டலா? தம்பியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் படகைக் கரையேற்றுவதில்லை.

இருவரும் இறங்கி, முழங்கால் தண்ணீருக்குப் படகைத் தள்ளிவிட்டு ஏறினார்கள். படகின் அடி கல்லில் அரைத்தால் முதலில் பார்க்க வேண்டியது குளிர்நீர். படகு தன் வயிற்றுக்கடியில் உறிஞ்சும் ஆற்றுநீரில் கொஞ்சம் எஞ்சினைச் சுற்றிவந்து, பக்கவாட்டுக் குழாயில் வெதுவெதுப்பாக, ஒரே சீராக ஊற்ற வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, லாக்கி வெளியே எக்கி, குழாயடியில் கையை வைத்தான். அது சீராக ஊற்றவில்லை. ஒரு பீச்சு, ஒரு நிறுத்தம், ஒரு பீச்சு என்று, நெடுந்தூரம் ஓடிவந்தவன் மூச்சு வாங்குவதைப்போல வந்தது. எஞ்சினோ கொதிக்கிறது, வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்குகிறது. கையில் விழுந்த தண்ணீர் பனிக்கட்டியாய்ச் சுட்டது.

எஞ்சினை அணைத்தான்.

குழாய் நிற்கவில்லை. ஒரு பீச்சு. ஒரு நிறுத்தம்.

நாள் முழுக்க அறைந்துகொண்டிருந்த வடமேற்குக் காற்று எப்போது ஓய்ந்தது என்று தெரியவில்லை. மலை நிழல் ஆற்றின் குறுக்கே படுத்திருந்தது. நனைந்த கம்பளியின் வாடை.

"மணல் அடைச்சிருக்கும்," என்றான் ஹோனே. அவன் குரலில் கிண்டல் இல்லை. அதுதான் லாக்கிக்குப் பிடிக்கவில்லை.

லாக்கி குளிர்நீர்க் குழாயின் மணல்வடிகட்டி மூடியைத் திருகினான். சாம்பல் வண்டல் இருக்க வேண்டிய சல்லடையில் பச்சை நூல் சுருண்டிருந்தது. கம்பளி நூல். பின்னலைப் பிரித்த நெளிவு நெளிவாக. இழுத்தான். அடிக்குழாயிலிருந்து வந்தது. முழம் முழமாக வந்து காலடியில் குவிந்தது. பிறகு நிறம் மாறி, வெளிர்ப்பச்சை வந்தது.

முர்டோவின் ஸ்வெட்டர். அவன் மனைவி வெர்னா பின்னும்போது நூல் தீர்ந்துபோய் இடது கை மட்டும் வெளிர்ப்பச்சை. "பாதி பழுத்த கத்திரிக்காய்" என்று லாக்கிதான் சிரித்தான். காணாமல் போன அன்றும் முர்டோ மஞ்சள் மிதவைச் சட்டைக்கு உள்ளே அதைத்தான் போட்டிருந்தான்.

நூல் இறுகியது.

உள்ளிருந்து இழுப்பு. ஒன்று. இரண்டு.

விலாங்கு மீன் பிடிக்கும் கயிற்றில் அண்ணன் தம்பிக்கு மட்டும் தெரிந்த சங்கேதம். இரண்டு என்றால், வா.

விட்டுவிடலாம். கத்தியால் அறுத்துவிட்டு ஓடிவிடலாம்.

நூலை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றினான்.

"நான் வர மாட்டேன்டா," என்றான் குழாயைப் பார்த்து. குரல் நடுங்கியது, நடுங்கட்டும். "நீ வா. வெர்னா சோத்தோட காத்திருக்கா. நீ வாடா மேல."

இழுத்தான்.

அதுவும் இழுத்தது. நூல் தோலை அறுத்தது. படகு லேசாகச் சாய்ந்தது.

"ஹோனே! திட்டுல நின்னானா, இல்லையா? டீ வேணாம். நேராச் சொல்லு!"

ஹோனே விளிம்புக்கு வெளியே குனிந்திருந்தான். கையிலிருந்த பிளாஸ்க்கிலிருந்து டீ ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

"நின்னான். இப்ப நமக்கு அடியில மல்லாந்து கிடக்கான். ஸ்வெட்டர் பிரிஞ்சு இடது கை வெறுங்கையா இருக்குடா, லாக்கி. அந்தக் கையாலதான் படகைப் புடிச்சிருக்கான்."