கலம் கரைந்த மதியம்

மாதிரிக் குழாயிலிருந்து குப்பியில் இறங்கிய அமிலம் தண்ணீர் போலத் தெளிவாக இருந்திருக்க வேண்டும். ஊதாவாக இருந்தது. ஆய்வக அதிகாரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

டைட்டானியம் கரைந்தால் வருகிற நிறம் அது. "நைட்ரிக் ஆசிட்டையே தாங்கின கலம், இது எம்மாத்திரம்?" என்று கூட்டத்தில் அடித்துப் பேசி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் காய்ச்ச அந்த டைட்டானியக் கலத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவளேதான். நைட்ரிக் அமிலம் அந்த உலோகத்தின்மேல் ஒரு காப்புப் படலத்தைப் போர்த்திவிடும். கொதிக்கும் ஹைட்ரோகுளோரிக்கோ அதை உரித்துப்போட்டுவிட்டு உலோகத்தைத் தின்னத் தொடங்கும். படித்ததெல்லாம் அவசரத்தில் எங்கே போய்த் தொலைந்ததோ! கலத்தின் சுவர் மெலிந்துகொண்டிருந்தது, அழுத்தமோ இறங்கவில்லை. அதை ஒட்டி, கான்கிரீட் அறைக்குள், அவள் தம்பி வால்வு பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹீட்டரை அணைத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள். "தம்பி, போட்டது போட்டபடி வெளிய ஓடி வா!"

"கலத்துக்குள்ள யாரோ முணுமுணுக்கிற மாதிரி இருக்குக்கா. உன்னைத்தான் திட்டுறாங்கபோல."

"விளையாடாதடா. வா!"

ஒலிபெருக்கியில் ஒரு சீறல் எழுந்து, ஈரத்துணியில் சூடான இஸ்திரிப்பெட்டி ஊர்வதுபோல இழுத்து இழுத்து அடங்க, மூக்கை அறுக்கும் நெடி கதவிடுக்கு வழியாகக் கசிந்து தொண்டை வரை இறங்கியது. பிறகு இரும்புக் கதவு திறந்தது. தம்பி வந்தான். பின்னால் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.

"உயிரே போயிடுச்சுடா!" அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கை கொதித்தது. தடவிப் பார்த்தாள். உள்ளங்கையில் ரேகையே இல்லை.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"அக்கா, வந்துட்டேன். ஏன் கதவைப் பூட்டினே?"

கதவின் சிறு கண்ணாடியில் தம்பியின் முகம். வியர்வை. அவனுக்குப் பின்னால் கலத்தின் பக்கச் சுவர் மெல்லப் புடைத்தது.

பூட்டைத் திறக்கும் பொத்தானுக்குக் கையை நீட்டினாள். பக்கத்தில் நின்றவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தான். இழுத்தாள். அசையவில்லை. ஒரு விரற்கடைதான் பாக்கி.

"அக்கா! திற!"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கதவை ஓங்கி ஓங்கி அடித்தான். இந்தப் பக்கம் நின்றவன் அவள் கையை விடாமல், புடைத்து வருகிற கலத்தையே, பள்ளிக்கூட வாசலில் அம்மாவைக் கண்டுவிட்ட பிள்ளை மாதிரி, முகமெல்லாம் சிரிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.