வெறும் வயிறு

ரத்த அழுத்தக் கருவி விம்மி அடங்கியது. மேலே நூற்று எழுபத்திரண்டு, கீழே நூற்று ஆறு. ரைலி அதை அட்டையில் எழுதி முடிப்பதற்குள் நாத்தனார் இர்யா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள்.

"நேத்தைவிட ஏறியிருக்கு. மாத்திரை குடுத்தியா, இல்லையா?"

"அஞ்சரைக்கே குடுத்தேன் அக்கா. வெறும் தண்ணியில."

"குடுத்திருந்தா இவன் கால் ஏன் இப்படி ஐஸா கெடக்கு?"

ரைலி தன் கணவர் ஆஹ்தியின் கால்களில் கம்பளிக் காலுறையை இழுத்துவிட்டாள். எழுபது வயது மனிதர். மூன்று வருடமாகத் தைராய்டு சோர்ந்து கிடக்கிறது. மருந்தின் அளவை இரண்டு முறை கூட்டியும் ரத்தப் பரிசோதனையில் மாற்றமில்லை. குரல் கரகரத்தது, நடை தளர்ந்தது, ரத்த அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. போன செப்டம்பரில் மூளையில் ஒரு குழாய் அடைத்து, வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. தன் முழங்கால் அறுவை சிகிச்சையை ரைலி இரண்டு தடவை தள்ளிப்போட்டாள். அவள் படுத்துவிட்டால் இவரை யார் தூக்குவது?

இர்யாவிடம் அதைச் சொல்ல முடியாது. தாயில்லாத தம்பியைப் பதினோரு வயதில் இடுப்பில் சுமந்தவள் அவள். ரைலி இந்த வீட்டுக்கு வந்து நாற்பத்துநான்கு வருடமாகியும், அவள் கண்ணில் இன்னும் வெளியாள்தான்.

ஒன்பது மணிக்குச் சுகாதார நிலையத்து நர்ஸ் மர்யுத் வந்தாள். பூட்ஸிலிருந்த பனியை வாசலில் உதறிவிட்டு உட்கார்ந்தவள், தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள்.

"இங்கேருந்து ஒரு போன் வந்துது ரைலிம்மா. மாத்திரை ஒழுங்கா போறதில்லைன்னு... இவரை ஈசல்மியில இருக்கற முதியோர் இல்லத்துக்கு மாத்தலாமான்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க."

ரைலி திரும்பி இர்யாவைப் பார்த்தாள். இர்யா ஜன்னலைப் பார்த்தாள்.

"நான்தான் பண்ணேன். அங்கயாவது நேரத்துக்கு மருந்து குடுப்பாங்க."

மர்யுத் மாத்திரைகளைக் கொட்டி எண்ணினாள். "ஒண்ணுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சரியாத்தான் இருக்கு."

"எண்ணிக்கை சரியா இருந்தா ஆச்சா? குப்பையில போட்டாலும் எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும்."

அந்த வார்த்தை ரைலியின் நெஞ்சில் இறங்கியது. அழக்கூட வரவில்லை. கோள் சொன்னாலும் விருந்தாளிக்குக் காபி ஊற்ற மறக்காத இர்யா, கோப்பையையும் ஏலக்காய் பன்னையும் நர்ஸ் முன்னால் வைத்தாள்.

"நீ குடி. நானும் தம்பியும் அஞ்சு மணிக்கே ரெண்டு ரெண்டு கப் முடிச்சாச்சு. பால் நிறைய ஊத்தினாத்தான் அவனுக்கு இறங்கும்."

மர்யுத்தின் கை கோப்பையிலேயே நின்றது. "தினமுமா?"

"அவன் ரயில்வேயில சேர்ந்த நாள்லேருந்து."

"ரைலிம்மா... மருந்தைக் கூட்டினப்போ, வெறும் வயித்துலதான் குடுக்கறீங்களான்னு போன்ல நான் கேட்டேனே?"

"ஆமாம்னேன். ஒரு வாய் சாப்பிட மாட்டாரே. காபி மட்டும்தான்."

ஃபின்லாந்தில் எந்த வீட்டிலும் காபியைச் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை. கேட்டவளும் இந்த ஊர்க்காரிதான். காபி குடித்தாரா என்று தனியாகக் கேட்க அவளுக்கும் தோன்றவில்லை.

"பாலும் காபியும் வயித்துல இருந்தா இந்த மாத்திரை உடம்புல சரியா சேராது," என்றாள் மர்யுத் மெதுவாக. "நீங்க குடுத்தது உள்ளே போச்சு. ஆனா பாதி வீணாப் போச்சு. தைராய்டு இப்படியே குறைஞ்சு கிடந்தா ரத்தக்குழாய் இறுகும், பிரஷர் ஏறும்."

இர்யா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ... செப்டம்பர்ல வந்தது?"

"அதனாலதான்னு சொல்ல முடியாது. வயசும் இருக்கு. ஒரு காரணமா இருந்திருக்கலாம்."

"கையும் பேச்சும் திரும்பி வருமா?"

"பிரஷர் இறங்கும். குளிர் விடும். கையும் பேச்சும்... இத்தனை மாசத்துக்கு அப்புறம் நான் ஆசை காட்டக் கூடாது."

ஆஹ்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கண்கள் அக்காவிடமிருந்து மனைவிக்கும், மனைவியிடமிருந்து அக்காவுக்கும் போய்வந்தன.

மர்யுத் பேனாவை எடுத்தாள். "காலையில காபி குடுத்தது யாருன்னு எழுதணும்."

இர்யா வாயைத் திறப்பதற்குள் ரைலி முந்திக்கொண்டாள்.

"வீட்டுல எல்லாரும்தான். நானும் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அப்படியே எழுதுங்க."

எழுதிவிட்டு நர்ஸ் எழுந்தாள். "இவர் இங்கயே இருக்கட்டும். இவங்களைவிட நல்லா அங்க யாரும் பார்த்துக்க மாட்டாங்க."

கார் சத்தம் தேய்ந்த பிறகும் இர்யா அசையவில்லை.

"ஊர் பூரா உன்னைப் பத்தி என்னென்னவோ சொன்னேன்... நீ ஏன்டி என்னை ஒரு வார்த்தை திட்டல?"

"திட்டினா அவர் பேசுவாரா அக்கா?"

இர்யா உடைந்துபோனாள். எண்பத்தொரு வயது உடம்பு அப்படியே ரைலியின் மேல் சாய்ந்தது. முழங்கால் வலித்தும் ரைலி அவளைத் தாங்கி நின்றாள். நாற்பத்துநான்கு வருடம் ஏங்கிய அணைப்பு. கிடைத்த நேரத்தில் அதில் மகிழ அவளுக்கு மனம் வரவில்லை. இருவரும் ஒரே மனிதருக்காக அழுதார்கள்.

ஆஹ்தி வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

இரண்டு பெண்களும் அழுகையை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். வெகுநேரம் காத்திருந்தார்கள்.