ஆரஞ்சுத் தக்கை

படகின் அடிக்குழியில் கொட்டலசு கிடந்தது.

கசிகிற தண்ணீரெல்லாம் வந்து சேரும் அந்தக் குழியை, பாய் விரிப்பதற்கு முன் கையாலேயே ஒருமுறை இறைத்துவிடுவது அவன் பழக்கம். தரைப் பலகையைத் தூக்கினான். ஸ்பாஞ்சை முக்கி வாளியில் பிழிந்தான். டீசல் வாடை, ஈரத்துணி வாடை, முப்பத்தெட்டு வருஷத்துப் பழைய மரத்தின் புளித்த வாடை, எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. ஆனால் பிழிந்த தண்ணீரோடு வெள்ளையாக ஏதோ வாளிக்குள் விழுந்து கலகலவென்றது. உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தான். கூம்பு கூம்பான சின்ன ஓடுகள், கொட்டலசு. படகின் வெளிப்பக்கம், தண்ணீருக்கு அடியில், சிமெண்ட் பூசியதுபோல ஒட்டி வளர்கிற சனியன்கள். யாரோ இப்போதுதான் சுரண்டி எடுத்ததுபோல உடைந்த விளிம்பில் ஈரச் சதை ஒட்டிக்கொண்டிருந்தது.

வெளியே வளர்வது உள்ளே எப்படி வரும்?

அவனுக்குப் பயம் வருவதற்கு முன்னால் எப்போதும் கோபம் வந்துவிடும். இப்போதும் வந்தது. மச்சான் மேல். செத்து ஒரு வருஷம் ஆன மச்சான் மேல்.

ஒரு வேலையை முழுசாகச் செய்யாத ஆள். வார்னிஷ் அடித்தால் ஒரு பக்கம் மட்டும். பாயைத் தைத்தால் பாதித் தையல். குழாய்க்கு இரண்டு கிளிப் போட வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று. கேட்டால் பல்லைக் காட்டிக்கொண்டு, "பாத்துக்கலாம் மாப்ளே." படகு இருவருக்கும் பாதிப் பாதி, வேலை மட்டும் முழுக்க இவன் தலையில். பதினோரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அந்தப் 'பாத்துக்கலாம்' தின்று தீர்த்திருந்தது. சுரண்டின குப்பையை உள்ளேயே சிந்திவிட்டுப் போயிருக்கிறான் பாவி, என்று முனகியபடி மேலே வந்து வாளியைக் கடலில் கவிழ்த்தான். ஒரு வருஷத்துக்கு முன்னால் சிந்தியது எப்படி ஈரமாக இருக்கும் என்ற கேள்வியையும் சேர்த்துக் கவிழ்த்தான்.

"என்ன, கிளம்பலாமா? இல்ல அந்தக் குழியிலயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?" என்றாள் மனைவி. சுக்கானைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மச்சானின் ஒரே தங்கை.

படகை விற்றுவிட அவள் செய்த ஏற்பாடுதான் இந்தப் பயணம். வளைகுடாவுக்கு அக்கரையில் இருக்கும் படகுப் பட்டறை, ஐந்து மணிக்குக் கிரேன். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அந்தரத்தில் நிறுத்துவார்கள். வாங்கப்போகிறவர் அனுப்பும் பரிசோதகர் அடிப்பாகத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்ப்பார். கிரேன் ரிப்பேர், காற்று சரியில்லை, லீவு இல்லை என்று இவன் ஒரு வருஷம் தள்ளிப்போட்டான். போன வாரம் அவளே போன் செய்து நாள் வாங்கிவிட்டாள்.

"அண்ணனை முழுங்கின படகு. இனிமே என் கண்ணுல படக்கூடாது" என்றாள். அதற்குமேல் மறுத்தால் ஏன் என்று கேட்பாள்.

கிளம்பினார்கள். காற்று நன்றாகவே இருந்தது. பெரிய பாய் வயிறு புடைத்தது. ஓட்டத்தில் புரொபெல்லர் சும்மா சுழன்று உறுமாமல் இருக்க, வழக்கம்போல என்ஜினின் கியரைப் பின்னோக்கித் தள்ளிப் பூட்டினான். பழைய என்ஜின். கியரில் இருந்தாலும் ஸ்டார்ட் ஆகிவிடும் முரடு. அதனால்தான் சாவி விதியே வந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் மின்சாரத்தைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவான். அவன் உயிர் அவன் பையில் இருக்கும். படகிலும் அதையே கொண்டுவந்தான். சுரண்டுவதற்காக அடியில் இறங்குகிறவன் கழுத்தில் என்ஜின் சாவி தொங்க வேண்டும். நீல நைலான் கயிறு. கைதவறினாலும் மிதக்கும்படி ஒரு ஆரஞ்சுத் தக்கை. படகுக்கு ஒரே சாவி. "ரெண்டாவது சாவி இருந்தா அது விதியே இல்ல" என்று சொல்லி, மச்சானும் மனைவியும் பார்க்க இன்னொரு சாவியைக் கடலில் வீசினான். அவள் கைதட்டினாள்.

இன்னொரு விதியும் இருந்தது. மூன்று இழுப்புச் சுரண்டினால், சுரண்டியின் கைப்பிடியால் ஒரு தட்டு. உயிரோடு இருக்கிறேன் என்று மேலே இருப்பவனுக்குத் தெரிய வேண்டும். மச்சானுக்கு அது பெரிய கேலி. தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டி, "உயிரோடதான் இருக்கேன் மாப்ளே! டொக்!" என்பான்.

பாதித் தூரம் வந்திருப்பார்கள். பாய்க்கயிறு மெல்ல முனக, நீர் பக்கவாட்டில் நுரைத்து ஓட, அந்த ஓசைகளுக்கெல்லாம் கீழே, அவன் உட்கார்ந்திருந்த பலகைக்கு நேர் அடியில், இரும்பு கல்லில் உரசுவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

சர்ர். சர்ர். சர்ர்.

டொக்.

"என்ன சத்தம் அது?"

"என்ன சத்தம்? தண்ணி ஓடுது" என்றாள் அவள். "அந்தச் சாவில தக்கை இருக்குமே, எங்க?"

சுவிட்சுக்குப் பக்கத்து ஆணியில், சிவப்பு நூலில், மொட்டையாகச் சாவி தொங்கியது. "உதிர்ந்து போச்சுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"கேட்டேன். அதுக்கு ஏன் எரிஞ்சு விழறீங்க?"

ஓடுகிற படகின் அடியில் எவனும் தொங்க முடியாது. பலகை உரசும். பழைய படகு முனகும். தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சத்தம் முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக, அவசரமே இல்லாமல், ஒரு சோம்பேறியின் நிதானத்தோடு நகர்ந்து வந்தது. அந்த நிதானம்தான் அவனுக்கு வயிற்றெரிச்சல். செத்தும் வேகம் வரவில்லை அவனுக்கு.

மூன்றரைக்குக் காற்று செத்தது. பாய் தொங்கிப்போனது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல வழவழவென்று கிடந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. அக்கரையில் மஞ்சள் கிரேன் தெளிவாகத் தெரிந்தது.

"என்ஜின் போடுங்க."

"ஓடாது."

"ஒரு வருஷமா இதே பாட்டு. ஊர்ல உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷனுக்கு வீட்டு என்ஜின் ஓட வைக்கத் தெரியாதா?"

"அடியில, புரொபெல்லர் ஷாஃப்ட்டுல ஏதோ சுத்தியிருக்கு."

"என்னது?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன பாத்தேனா?"

கத்திவிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவன் பார்க்கவில்லைதான். அந்த ஒரு விஷயத்தில் அவன் பொய் சொல்லவில்லை.

அன்றும் இப்படித்தான் காற்று செத்திருந்தது. மச்சான் படகின் அடிப்பாகத்தில் பாதியைச் சுரண்டிவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டு தலையை நீட்டினான். கழுத்தில் நீலக் கயிறு, ஆரஞ்சுத் தக்கை. ஆயுளில் ஒரே ஒரு விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த ஆள். "மீதி அடுத்த வாரம் பாத்துக்கலாம் மாப்ளே. இல்லன்னா விட்டுடு, வாங்குறவன் பாத்துப்பான். படகை ஒருத்தருக்குப் பேசி முடிச்சிட்டேன்." சிரித்தான். பதினோரு வருஷத்தைப் பேசி முடித்துவிட்டுச் சிரித்தான். கைதவறி விழுந்த சுரண்டியை எடுக்க மறுபடி முங்கினான்.

எதையும் தொலைக்கிற மச்சானை நம்பி ஒரே சாவியா? விதி போட்ட நாளில் கடலில் வீசியது அலமாரிச் சாவி. நிஜச் சாவி, சிவப்பு நூலோடு, கருவிப்பெட்டியின் அடித்தட்டில் இருந்தது. கியர் பூட்டியபடியே இருந்தது. பயமுறுத்தத்தான் சாவியைத் திருப்பினான். பயமுறுத்த மட்டும்தான். இரண்டே சுற்று. என்ஜின் திக்கி நின்றது.

நீந்தப் போனவன் திரும்பவில்லை என்று சொன்னான். சாவியா? ஆணியில்தான் தொங்குகிறதே, பாருங்கள். வந்தவர்கள் கடலையெல்லாம் தேடினார்கள். படகின் அடியை யாரும் பார்க்கவில்லை.

ஐந்து மணிக்கு எல்லோரும் பார்ப்பார்கள்.

"நான் இறங்கி வெட்டிவிட்டுட்டு வரேன்" என்றான். நீச்சல் கண்ணாடியை மாட்டினான். கத்தியை எடுத்தான். சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். சிவப்பு நூல் தோலில் உறுத்தியது.

ஏணியில் இடுப்பளவு தண்ணீரில் இருந்தபோது அறைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "ஏங்க, நீங்க குழிப் பலகையை மூடவே இல்ல. தண்ணி ஏறிக்கிட்டிருக்கு. உள்ள ஏதோ மிதக்குது. ஆரஞ்சா... ஒரு நிமிஷம் வாங்களேன்."

"வந்து பாத்துக்கலாம்!"

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. தன் வாயில் அந்த வார்த்தை. காறித் துப்பிவிட்டு மூழ்கினான்.

பச்சை வெளிச்சம். காதை அழுத்தும் அமைதி. தலைக்கு மேல் படகின் வயிறு.

சுத்தமாக இருந்தது.

ஒரு வருஷம் தண்ணீரில் கிடந்த படகு. ஒரு விரல் தடிமனுக்குக் கொட்டலசு இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. மச்சான் சுரண்டாமல் விட்ட பாதியும் பளபளத்தது. முன்முனையிலிருந்து சுக்கான்வரை. மூலை முடுக்கெல்லாம். முதல்முறையாக மச்சான் ஒரு வேலையை முழுசாக முடித்திருந்தான். வெள்ளைத் தூள் இன்னும் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

மேலே வந்து மூச்சு வாங்கினான். திரும்பிவிடு என்றது உடம்பு. கிரேன் என்றது புத்தி. கோபம் அவனைக் கீழே தள்ளியது.

ஷாஃப்ட். புரொபெல்லரை ஒட்டி நீலக் கயிறு, சுற்றுமேல் சுற்றாக, இறுகிப்போய். அதன் நுனியில் ஒரு வளையம் மட்டும் தொங்கி ஆடியது. கழுத்தளவு வளையம். அறுந்திருக்கவில்லை. முடிச்சு அவிழவில்லை. தலை வழியாகக் கழற்ற முடியாத அளவுக்குச் சின்னது.

அதில் சாவி இல்லை. தக்கையும் இல்லை.

வெட்டு. சீக்கிரம் வெட்டு. இடது கையை வளையத்துக்குள் விட்டு இழுத்துப் பிடித்தான். கத்தியை வைத்தான்.

தடதடதடவென்று ஒரு சத்தம். அவள்தான். நடு அறையில், குழிக்குப் பக்கத்தில், உள்ளிருந்து படகைக் குத்துகிறாள். பலகை வழியாக அவள் கத்துவது குழறலாகக் கேட்டது. தக்கையைப் பார்த்துவிட்டாள். புரிந்துவிட்டது அவளுக்கு. இனி என்ன சொன்னாலும்...

கீ...ங்.

வேறு சத்தம். பின்பக்கத்திலிருந்து. நேர் மேலிருந்து.

அவனுக்குத் தெரிந்த சத்தம். சுவிட்சில் சாவி திரும்பினால் வரும் சத்தம். பழைய டீசல் என்ஜின். சூடாகப் பத்து எண்ணிக்கை. அப்புறம்தான் ஸ்டார்ட்.

வலது கையால் கழுத்தைத் தடவினான். சாவி இருந்தது. இவன் கழுத்தில் இருந்தது. கத்தி நழுவிக் கீழே போனது.

தடதடதட. அவள் இன்னும் நடு அறையில்தான் இருக்கிறாள்.

அப்படியானால் சுவிட்சில் யார் கை?

மணிக்கட்டை இழுத்தான். வளையம் இறுகியது. இழுத்தான். இன்னும் இறுகியது. கியர் பூட்டியிருக்கிறது. பூட்டியது இவன்தான். எத்தனை எண்ணிக்கை போயிற்று? ஐந்தா? ஏழா?

சர்ர். சர்ர். சர்ர்.

காதுக்குப் பக்கத்தில்.

டொக்.

அண்ணாந்து பார்த்தான். நெளியும் தண்ணீர்க் கூரைக்கு மேலே, படகின் பின்விளிம்பில் ஒருவன் சாய்ந்து, தலையை ஒருக்களித்து, அவசரமே இல்லாமல் இவனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். முகம் இருக்க வேண்டிய இடம் முழுக்க வெள்ளையாக, கூம்பு கூம்பாக, இடைவெளியே இல்லாமல் கொட்டலசு. ஒவ்வொரு கூம்பும் சின்னதாக வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. நடுவில் மட்டும் சுரண்டிச் சுத்தம் செய்த ஒரு கோடு. அதில் பற்கள்.

சிரிக்கிற பற்கள்.

கீங் நின்றது. அவன் மணிக்கட்டுக்கு அடியில் புரொபெல்லர் லேசாக அதிர்ந்தது.